மார்ச் 12-இல் ஒரு காடு

போன ஆயுத பூஜை லீவுக்கு வாலிகண்டபுரம் போயிருந்தேன். பெரம்பலூர் தாண்டி சென்னை நெடுஞ்சாலையில் வந்தால் வாலீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் ரஞ்சன்குடிக் கோட்டை. பஸ்ஸை விட்டு இறங்கி, பையைக்கூட வைக்கவில்லை, சித்தப்பா ஒரு பென்டிரைவை நீட்டிவிட்டார்.

அவர் எங்கள் பக்கத்து விவசாயிகள் குழு ஒன்றுக்குச் செயலாளர். பென்டிரைவில் உறுப்பினர் பட்டியல், எக்ஸெல் கோப்பு, 412 வரி. பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, சர்வே நம்பர், பரப்பு, வங்கிக் கணக்கு, ஐஎஃப்எஸ்சி.

"ஐப்பசி நடவுக்கு விதை வெங்காயம் குடுக்கணும் தம்பி. யாருக்கு எத்தனை கிலோன்னு இதுலருந்து ஒரு லிஸ்ட் எடுத்துக் குடு. உனக்கு இது பத்து நிமிச வேலைதான?"

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதுதான் பிரச்சினை. பைத்தானில் நாற்பது வரி எழுதினேன். ஒவ்வொரு வரியையும் படி, 'உறுப்பினர்' என்று ஓர் ஆப்ஜெக்ட் ஆக்கு, ஏக்கருக்கு இவ்வளவு என்று பெருக்கு. எங்காவது எக்ஸெப்ஷன் வந்தால் அந்த வரியைத் தாண்டிப் போ. நிரல் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், 'எக்ஸெப்ட்' போட்டு அடியில் 'பாஸ்' என்று எழுதும் அந்தக் கெட்ட பழக்கம். ஆபீஸில் ஜூனியர் யாராவது அப்படி எழுதியிருந்தால் நானே திட்டியிருப்பேன். ஊரில் திட்ட ஆளில்லை. பட்டியலை எடுத்து, பிரிண்ட் போட்டு, சித்தப்பா கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

மூன்றாம் நாள் காலை திண்ணையில் ஓர் ஆயா வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏஞ்சாமி, எம்பேரு மட்டும் உன் பொட்டிக்குப் புடிக்கலையாமே?"

பட்டியலில் 371 பேர்தான் இருந்தார்கள். 41 பேரைக் காணோம். நிரல் எதுவும் சொல்லவில்லை, சொல்லாதே என்று நான்தான் எழுதியிருந்தேன்.

ஆயாவின் வரியைத் தேடினேன், 87ஆவது வரி. சர்வே நம்பர் இருக்க வேண்டிய கட்டத்தில் '12-மார்ச்' என்று இருந்தது. எக்ஸெல் வைத்து வேலை பார்த்த யாருக்கும் இது புதிதில்லை. சர்வே நம்பரும் உட்பிரிவும் சேர்த்து 12/3 என்று அடித்தால் எக்ஸெல் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்கிறது. உள்ளே அது வைத்திருப்பது 45728 என்ற எண்ணை, அதாவது 2025 மார்ச் 12. என் நிரலோ அங்கே எழுத்து இருக்கும் என்று நம்பி, சாய்கோட்டில் பிளக்கப் பார்த்தது. கிடைத்தது தேதி. தேதியைச் சாய்கோட்டில் பிளக்க முடியாது. எக்ஸெப்ஷன், பாஸ், ஆயா அவுட்.

இதில் விஷமமான விஷயம், எல்லா வரியிலும் இப்படி ஆகாது என்பதுதான். 118/2 தப்பிவிடும், ஏனென்றால் 118ஆம் தேதி கிடையாது. 45/1ஏ தப்பிவிடும். சர்வே நம்பரும் உட்பிரிவும் சின்னதாக, நாள் மாதம் என்று சொல்லும்படி இருப்பவர்கள்தான் மாட்டுவார்கள். மேலோட்டமாக முதல் இருபது வரியைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும்.

உலகத்திலேயே பெரிய விஞ்ஞானிகளுக்கும் இதே கதைதான். மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு 'மார்ச்1', 'செப்ட்2' என்று சுருக்கப் பெயர்கள் இருந்தன. ஆய்வாளர்களின் எக்ஸெல் கோப்புகளில் எல்லாம் அவை தேதியாக மாறிக்கொண்டே இருந்தன. கடைசியில் 2020-இல் மரபணுப் பெயர்க் குழு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. மரபணுவுக்குப் பேர் மாற்றலாம். ஆயா பட்டாவில் நம்பர் மாற்றச் சொல்ல முடியுமா?

அன்று மத்தியானம் சித்தப்பாவும் நானும் 41 வரியையும் பிரிண்ட் எடுத்து, பென்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். டீசீரியலைஸ் என்று நாங்கள் ஆபீஸில் சொல்வது இதைத்தான்: யாரோ எழுதி வைத்த எழுத்தைப் படித்து, நிரலுக்குள் நடமாடும் ஆப்ஜெக்டாக மாற்றுவது. புத்தகத்தில் படிக்கும்போது ஜேசனும் எக்ஸ்எம்எல்லுமாகச் சுத்தமாக இருக்கும். நிஜத்தில் அது 41 குடும்பத்தின் கதை.

முதலில் பரப்பு. பட்டாவில் பரப்பு ஹெக்டேர்–ஏர் என்று இரண்டு துண்டாக இருக்கும். 0-40.50 என்றால் ஹெக்டேர் பூஜ்யம், நாற்பதரை ஏர், அதாவது சுமார் ஓர் ஏக்கர். இதை அப்படியே பார்த்து அடித்திருந்தார்கள் சிலர். வேறு சிலர் ஏக்கர்–சென்ட்டாக மாற்றி '1.00' என்று அடித்திருந்தார்கள். கட்டத்தின் தலைப்பில் 'பரப்பு' என்று மட்டும்தான் இருந்தது, அலகு இல்லை. நடுவில் கோடு போட்டவை என் நிரலில் விழுந்தன, அதுவாவது நல்லது. நான் மட்டும் ஜாவாஸ்கிரிப்டில் பார்ஸ்ஃப்ளோட் போட்டு எழுதியிருந்தால் 0-40.50 என்பதைக் கோடு வரைக்கும் படித்து பூஜ்யம் என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கும். பூஜ்யம் ஏக்கருக்குப் பூஜ்யம் கிலோ விதை. பட்டியலில் பெயர் இருக்கும், வெங்காயம் இருக்காது.

இதைச் சொல்லும்போது பழைய கம்பெனி ஒன்றில் நான் பட்ட அவமானம் ஞாபகம் வருகிறது. வாடிக்கையாளர் '1,20,000' என்று லட்சக் கமா போட்டு அனுப்பியிருந்தார். பார்ஸ்இன்ட் முதல் கமாவில் நின்றுவிட்டது. ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய், ஒரு ரூபாய் ஆனது. பிழைச் செய்தி இல்லை, சிவப்பு எழுத்து இல்லை. இரண்டு மாதம் கழித்துக் கணக்குப் பிரிவு சொல்லித்தான் தெரிந்தது. பைத்தானின் இன்ட் அதே எழுத்தைப் பார்த்ததும் முடியாது என்று கையை விரித்துவிடும். கையை விரிக்கிறவனோடு குப்பை கொட்டலாம். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்கிறவனோடு முடியாது.

அடுத்து பிறந்த தேதி. '05/06/65' என்று இரண்டு இலக்க வருஷம். எக்ஸெல் இதை 1965 என்று எடுத்துக்கொள்ளும். பைத்தானின் தேதி படிக்கும் வழி 69-க்குக் கீழே இருப்பதையெல்லாம் இரண்டாயிரத்துக்குத் தள்ளும், அதாவது 2065. அறுபது வயசு விவசாயி இன்னும் நாற்பது வருஷம் கழித்துத்தான் பிறப்பார். பிறக்காதவர் உறுப்பினராக முடியாது என்று என் நிரலில் ஒரு சோதனை இருந்தது, அதனால் அவர்களும் வெளியே.

வங்கிக் கணக்கு பற்றிச் சொல்லவே வேண்டாம். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாக அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், திரையில் 'ஈ+15' என்று வேறு ஒரு வால் முளைக்கும். முன்னால் இருக்கும் பூஜ்யங்களும் போய்விடும். கடைசி இலக்கம் உண்மையிலேயே பூஜ்யமா, எக்ஸெல் போட்ட பூஜ்யமா? கோப்பை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் பதில் கிடைக்காது. பாஸ்புக்தான் கதி.

ஐஎஃப்எஸ்சி கொஞ்சம் தயவான ஜந்து. 11 எழுத்து: முதல் நாலும் வங்கியின் பெயர், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், மீதி ஆறு கிளை. பாதிப் பேர் அந்த ஐந்தாவது இடத்தில் ஆங்கில 'ஓ' எழுத்தை அடித்திருந்தார்கள். இதை நிரலே திருத்தலாம், யாரையும் கேட்க வேண்டாம், ஏனென்றால் அங்கே வேறெதுவும் வரவே முடியாது என்பது விதி. ஆனால் எழுத்துப் பிழையே இல்லாமல் செத்துப்போன ஐஎஃப்எஸ்சியும் ஒன்று இருந்தது. பழைய சிண்டிகேட் வங்கிக் கிளை. 2020 ஏப்ரலில் அது கனரா வங்கியோடு இணைந்தது, 2021 ஜூலை 1 முதல் பழைய குறியீடு செல்லாது. என் சோதனை அதை நூற்றுக்கு நூறு சரி என்று உள்ளே விட்டுவிட்டது. அது அந்த 41-இலேயே இல்லை, தற்செயலாகச் சித்தப்பாதான் கண்டுபிடித்தார். வடிவம் சரியாக இருப்பது வேறு, விஷயம் சரியாக இருப்பது வேறு.

இனி தமிழுக்கு வருவோம். இங்கேதான் எனக்கு ருசி.

பட்டியலில் எண்பது பெயர் போல ஒரு பழைய கோப்பிலிருந்து ஒட்டப்பட்டவை. டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினி என்பது ஆங்கில எழுத்துக்கு மேல் போட்ட தமிழ் முகமூடி. முகமூடியைக் கழற்றினால் 'வாலிகண்டபுரம்' என்பது டீ, எச், வை, பி, எஃப், இசட், அரைப்புள்ளி என்று ஆரம்பிக்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி. அதைவிட மோசம், 'இ' என்ற எழுத்துக்குக் கமா. ஆம், கமாவேதான்! கமாவால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பில், மேற்கோள் குறி போடாமல் யாராவது ஒட்டியிருந்தால், இராமசாமியும் இளங்கோவனும் முதல் எழுத்திலேயே உடைந்து அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். ராமசாமிக்கு ஒன்றும் ஆகாது. தமிழ் இலக்கண சுத்தமாக எழுதியவருக்குத்தான் தண்டனை.

2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில், தமிழக அரசே யூனிகோடுக்கு மாறச் சொல்லி ஆணை போட்டது. ஆனால் அதற்கு முன்னால் அடித்தவையெல்லாம் எங்கே போகும்? யாரோ ஒருவருடைய பென்டிரைவில் இருக்கின்றன.

பாமினி பார்க்க அலங்கோலம்தான், ஆனால் அதில் எதுவும் தொலையவில்லை. மாற்றும் அட்டவணை ஒன்று இருந்தால் எழுத்துக்கு எழுத்து திரும்பி வந்துவிடும். நான் செய்தது அதைவிடப் பெரிய பாவம். அவசரத்தில் யூனிகோடு பகுதியை எக்ஸெல்லில் சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தேன். தமிழ்ப் பெயர்கள் அத்தனையும் கேள்விக்குறிகள். ஒவ்வொரு எழுத்துக்கும், அதில் ஒட்டிய ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி, கணக்கு சுத்தமாக இருந்தது. அதை எந்த அட்டவணையும் மீட்காது. பென்டிரைவில் மூலக் கோப்பு இல்லாவிட்டால் சித்தப்பா முகத்தில் முழித்திருக்க முடியாது. பிறகு 'யூடிஎஃப்-8' சிஎஸ்வி என்று சேமித்தேன், தமிழ் வந்தது, ஆனால் முதல் தலைப்பு 'பெயர்' கிடைக்கவில்லை என்று நிரல் அழுதது. கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை எக்ஸெல் வைத்துவிடுகிறது, அது 'பெயர்' என்பதோடு ஒட்டிக்கொண்டது. பைத்தானில் 'யூடிஎஃப்-8-சிக்' என்று சொல்லித் திறந்தால் அந்தக் குறியைத் தானே உரித்துவிடும். அரை மணி நேரம் போனது, அவ்வளவுதான்.

ஊர்ப் பெயரிலேயே ஒரு பாடம் இருந்தது. வாலி சிவனைக் கும்பிட்ட தலம் என்பது கோயில் கதை. 'வாலி கண்ட புரம்' என்பார்கள், பழைய வழக்கில் 'வாலி கொண்ட புரம்' என்றும் உண்டு. 1751-இல் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபக்கம் நின்று ரஞ்சன்குடியில் மோதிய சண்டையை, ஆங்கிலேயர்கள் வால்கொண்டா சண்டை என்று எழுதி வைத்தார்கள். பட்டியலில் மூன்று பேர் 'வாலிகொண்டபுரம்' என்று எழுதியிருந்தார்கள். என் நிரல் அந்த மூன்றையே இரண்டு வேறு ஊர் என்றது!

காரணம் 'கொ'. யூனிகோடில் அதை எழுத இரண்டு வழி. ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம், அல்லது கொம்பைத் தனியாக, காலைத் தனியாகப் போடலாம். திரையில் மயிரிழை வித்தியாசம் இருக்காது, கணினிக்கு மட்டும் இரண்டும் வேறு. இதற்கு 'என்எஃப்சி' என்ற ஒழுங்காக்கம் இருக்கிறது, ஒரு வரியில் சரியாகிவிடும். ஆனால் அந்த மருந்து கௌசல்யாவுக்குக் கேட்காது. 'கௌ' என்பதற்குப் பதிலாக 'கெ' அடித்துப் பக்கத்தில் ளகரம் போட்டவர்கள் ஏராளம். கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் யூனிகோடு விதிப்படி அது உண்மையிலேயே வேறு எழுத்து. அதற்கு நாமே விதி எழுத வேண்டும். எழுதும்போது 'கெளுத்தி'யைக் கெடுத்துவிடக் கூடாது.

மாலை ஆகிவிட்டது. சித்தப்பா காபி போடச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "ஏம்ப்பா, தப்பா இருந்தா நிறுத்திட்டுச் சொல்ல வேண்டியதுதான? எதுக்கு இந்த மிசினு கமுக்கமா இருக்கு?"

கணினிக்காரர்கள் நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சண்டை போடும் கேள்வி இது. 1980-இல், இன்டர்நெட்டின் அஸ்திவாரமான டிசிபி நெறிமுறையை எழுதிய ஆவணத்தில் ஜான் போஸ்டல் ஒரு புத்திமதி வைத்தார்: நீ அனுப்புவதில் கறாராக இரு, அடுத்தவர் அனுப்புவதை வாங்கும்போது தாராளமாக இரு என்கிற அர்த்தத்தில். பிரவுசர்கள் அந்த வழியில் போயின. எவ்வளவு ஓட்டை உடைசலான பக்கத்தையும் எப்படியாவது காட்டின, அதனால் ஓட்டைப் பக்கங்களே உலகமெங்கும் பெருகின. 1998-இல் வந்த எக்ஸ்எம்எல் நேர் எதிர்: ஒரு குறி மூடாமல் விட்டாலும் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று விதி. 2023-இல் வந்த இன்னொரு ஆவணம் போஸ்டலின் தாராளத்தால் வந்த கேடுகளைப் பட்டியல் போட்டது.

கமுக்கமாக இருப்பதன் விலைக்கு இங்கிலாந்து ஓர் உதாரணம். 2020 செப்டம்பர் கடைசியில் கோவிட் முடிவுகளைப் பழைய எக்ஸெல் வடிவத்தில் வாங்கினார்கள். அதில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை, மீதி சத்தமில்லாமல் விழுந்தது. 15,841 நோயாளிகள் கணக்கில் வரவில்லை, அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை தாமதமானது. என்னுடைய 41-ம் அதே ஜாதிதான்.

சித்தப்பாவுக்கு நான் போஸ்டலைச் சொல்லவில்லை. அவரே சொன்னார். பட்டறை போடும்போது என்ன செய்கிறோம்? எங்கள் பக்கம் சின்ன வெங்காயத்தைத் தாளோடு காயவைத்துப் பட்டறையில் அடுக்குவார்கள், மாசக்கணக்கில் இருக்கும். அடுக்கும்முன் அழுகலைப் பொறுக்காவிட்டால் பட்டறையே போகும். அதற்காக நாலு அழுகல் கிடைத்தது என்று மொத்தக் காயையும் ரோட்டில் கொட்டுகிறவன் உண்டா? பொறுக்கினதைத் தனியாகக் கூடையில் போடு. கூடையில் எத்தனை விழுந்தது என்று பார்.

ராத்திரி நிரலைத் திருப்பி எழுதினேன். இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு நகல்: கோப்பில் வந்தது வந்தபடி ஒன்று, நான் புரிந்துகொண்டது ஒன்று. முதலாவதை எந்த நிலையிலும் தொடுவதில்லை. லட்சக் கமா, ஓரத்து இடைவெளி, கொம்பும் காலும், ஐஎஃப்எஸ்சியின் பூஜ்யம், பாமினி, இவற்றை நிரலே சரிசெய்யும், சரிசெய்ததை எழுதியும் வைக்கும். தேதியாகிப் போன சர்வே நம்பர், அலகில்லாத பரப்பு, இரண்டு இலக்க வருஷம், 15 இலக்கத்தைத் தாண்டிய கணக்கு எண், இவற்றில் கைவைக்காது, கூடைக்கு அனுப்பும்.

இன்னொன்று சித்தப்பாவால்தான் தோன்றியது. வழக்கமாக நாங்கள் எழுதும் நிரல் ஒரு வரியில் முதல் பிழையைக் கண்டதும் நின்றுவிடும். அதைத் திருத்தினால் அடுத்ததைச் சொல்லும். ஆனால் இங்கே ஒவ்வொரு பிழைக்கும் அவர் டிவிஎஸ்-50 எடுத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். ஒரே வீட்டுக்கு மூன்று தடவை அனுப்பினால் வண்டியை என் மேல் ஏற்றிவிடுவார். அதனால் ஒரு வரியில் உள்ள எல்லாப் பிழையையும் சேர்த்து, நல்ல தமிழில், என்ன ஆவணம் கேட்க வேண்டும் என்பதோடு வரும்படி செய்தேன். 'வரி 87: சர்வே நம்பர் இடத்தில் தேதி இருக்கிறது (12 மார்ச் 2025). பட்டா பார்த்து எழுதவும். பிறந்த வருஷம் இரண்டு இலக்கம். ஆதார் பார்க்கவும்.' பட்டியலின் கடைசியில் ஒரு கூட்டல்: வந்தது 412, ஏற்றது இத்தனை, கூடையில் இத்தனை. கூட்டினால் 412 வராவிட்டால் பட்டியலே வராது.

ஆயாவின் 12/3-ஐ நானே போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மார்ச் 12, எனவே 12/3, இதில் என்ன சந்தேகம்? இரண்டே வரி நிரல், சித்தப்பாவுக்கு ஒரு நடை மிச்சம். நல்லவேளையாகச் சோம்பேறித்தனம் ஜெயித்தது, கூடையிலேயே விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் சென்னையில் இருந்தபோது சித்தப்பா போன் செய்தார். ஆயாவின் பட்டாவில் இருப்பது 3/12. பட்டியலின் பாதியை இ-சேவை மையத்தில் அடித்திருக்கிறார்கள், மீதியைக் குழுத் தலைவரின் மகள் காலேஜ் லேப்டாப்பில். அந்த லேப்டாப்பில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்திருக்கிறது, மாதம் முதலில். 3/12 அங்கே மார்ச் 12 ஆகிவிட்டது. 12/3 ஊரில் வேறொருவருடைய காடு.